வரப்பு வக்கீலின் ஏழு நிமிடம்

திண்டுக்கல் கோர்ட்டு வாசலில் நின்று வினோலியா எங்கே என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். வரப்பு வக்கீல் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரரே கல்லாவை விட்டு இறங்கி வந்து வழி காட்டுவார். பட்டப்பெயர் வைப்பதில் கறுப்புக் கோட்டுக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. நிலத்து வழக்கு எதுவானாலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் தன் காலால் நடந்து, தன் கையால் வரைபடம் போட்டாலொழிய வினோலியா வாயைத் திறக்க மாட்டாள். அதனால் வந்த பெயர் அது.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை, ஒரு ஏழையின் தலையில் அடித்துக் கற்றது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த மேட்டுப்பட்டி சூசைமுத்துவின் மகள் வக்கீலாகிவிட்டாள் என்று தெருவே பெருமைப்பட்டுக்கொண்டிருந்த முதல் வருஷம். அகரம் பக்கத்து மொக்கைச்சாமி என்பவருக்காக ஒரு கிணற்று வழக்கு. பத்திரத்தை மட்டும் படித்துவிட்டு, கிணறு கிழக்கே இருக்கிறது என்று அரை மணி நேரம் வெளுத்து வாங்கினாள். எதிர் வக்கீல் எழுந்து, அந்த அம்மா கிணற்றைக் கண்ணால் பார்த்ததுண்டா என்று ஒரே கேள்விதான் கேட்டார். கிணறு மேற்கே இருந்தது. மொக்கைச்சாமி திட்டவில்லை, அழவில்லை. "ஒருதரம் வந்து பாத்திருக்கலாமே தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இருபது வருஷமாகியும் அந்த வார்த்தை வினோலியாவுக்கு ஆறவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒச்சம்மாள் வந்து சேர்ந்தாள். நிலக்கோட்டைக்கு மேற்கே அறுபது சென்டில் மல்லிகை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் தோட்டத்தைக் கைவிடாமல் தனியாகக் கட்டி மேய்த்தவள். மல்லிகை பொல்லாத பயிர். மொட்டாகச் சந்தைக்குப் போனால்தான் அதற்கு மரியாதை, விரிந்து போனால் மாடுகூட முகர்ந்து பார்க்காது. ஆனால் ஒச்சம்மாளின் தோட்டம் நாலு பக்கமும் அடைபட்டுக் கிடந்தது. தெற்கே மதியழகனின் தென்னந்தோப்பு. அதற்குள் ஓடிய வண்டிப்பாதையை அவர் உழுது மூடிவிட்டார். வடக்கே வாய்க்கால் கரை. அந்தக் கரையிலும் அவரே தென்னங்கன்று வைத்து, முள்கம்பி இழுத்து, இதுவும் என் பட்டாதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேற்கே பாறை. கிழக்கே ஒரு பக்கத்துக் காட்டுக்காரர், பாவப்பட்டு வரப்பில் நடக்க விட்டிருந்தார். அவரும் நிலத்தைப் பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். தை பிறந்தால் அங்கே சுற்றுச்சுவர் எழும்பும். அப்புறம் ஒச்சம்மாள் பூவைப் பறித்து வானத்தில்தான் பறக்கவிட வேண்டும்.

கரையைப் பற்றி மூன்று வருஷமாக மனு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மனுக்கள் போன இடத்தில் இந்நேரம் புல் முளைத்திருக்கும். அதனால் வண்டிப்பாதைக்கு வழக்குப் போட்டார்கள். முன்சீப் கோர்ட்டில் ஒச்சம்மாள் ஜெயித்தாள். மதியழகன் சப் கோர்ட்டுக்குப் போய் அதைக் கவிழ்த்தார். மிச்சம் இருந்தது மதுரையில் ஹைகோர்ட்டுக் கிளை ஒன்றுதான்.

திண்டுக்கல் வக்கீல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வழக்குக் கட்டைத் தூக்கி மதுரை வக்கீல் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பின் வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். அதில் புத்தி இருக்கிறது. இரண்டாம் மேல்முறையீட்டில் வரப்பு எப்படி, வாய்க்கால் எப்படி என்று கதை பேச முடியாது. கீழ்க்கோர்ட்டு சட்டத்தில் எங்கே சறுக்கியது என்பதை மட்டும் எடுத்து வைக்க வேண்டும். அது வேறு வித்தை, வேறு பாஷை. வினோலியாவும் இதுவரை அப்படித்தான் செய்து வந்தாள். ஆனால் போன தடவை கட்டை வாங்கிய மதுரை வக்கீல், நிலக்கோட்டை வைகைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டுத் தொலைத்தார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. ஒச்சம்மாளிடம் சொன்னபோது அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"காட்ட மிதிக்காத ஆளு பேசி நான் தோக்குறதுக்கு, நீங்க பேசியே தோக்குறேன் வக்கீலம்மா."

அவள் வாயில் சனி இருந்ததோ என்னவோ, அப்படியே நடந்தது.

அன்று காலை ஒச்சம்மாள் ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்றவளின் கொண்டையில் தன் கையாலேயே வைத்துவிட்டாள். வினோலியா தயாராகத்தான் போனாள். நாலு சட்டக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருக்கிற அவள் வீட்டுக்காரர் பிரான்சிஸ்கூட, போதும் வினோ, எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது என்றார். ஆனால் தாளோடு நிறுத்தாமல், தான் வரைந்த வரைபடத்தையும் எடுத்துப் போனாள் பாருங்கள், அங்கே பிடித்தது ஏழரை.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். முதல் இரண்டு வாக்கியம் நன்றாகவே போனது. மூன்றாவது வாக்கியத்துக்குள் நீதிபதி குறுக்கிட்டு, உங்கள் சட்டக் கேள்வி என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வினோலியா தாளைத் தேடினாள். தாள் வரைபடத்தின் மடிப்புக்குள் மாட்டியிருந்தது. வரைபடமோ நாலு சார்ட் பேப்பரை ஒட்டிச் செய்தது. பிரிக்கப் பிரிக்க அது கல்யாணப் பந்தியில் இலை விரிகிற மாதிரி பக்கத்து வக்கீல்களின் கட்டுகள் மேலெல்லாம் விரிந்தது. ஒருவருடைய தண்ணீர்ப் பாட்டில் உருண்டு விழுந்தது. தாள் எங்கேயோ மேஜைக்கு அடியில் போய்விட்டது. நாக்கில் இருந்த இங்கிலீஷும் அதன் பின்னாலேயே போய்விட்டது. "மை லார்ட், தி கேனால்... தி பண்ட்... ஒன் மினிட் மை லார்ட்" என்று அவள் தவித்ததைப் பார்த்துப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நீதிபதி நல்ல மனுஷர். வெளியில் இன்னும் அறுபது வழக்குக் காத்திருக்க, பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தமிழுக்கு இறங்கி வந்தார்.

"பதட்டப்படாதீங்கம்மா. தமிழ்லயே சொல்லுங்க. அந்த நிலத்துக்குப் போக வேற வழி இருக்கா, இல்லையா?"

இந்த இடத்தில் எந்த வக்கீலாக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். வேறு வழியே இல்லாதவனுக்குத்தான் அடுத்தவன் நிலத்தில் நடக்கச் சட்டம் இடம் கொடுக்கும். சந்து போல ஒரு வழி இருந்தாலும் வழக்கு காலி. இது வினோலியாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து அவளுக்குத் தெரிந்த விஷயமாக ஒருவர் கேட்ட முதல் கேள்வி இது. முள்கம்பிக்குக் கீழே குனிந்து, கோட்டுக் கை கிழிய, அந்தக் கரையில் அவள் முழுதும் நடந்திருக்கிறாள். வாய் முந்திக்கொண்டது.

"இருக்குங்கய்யா. வாய்க்கால் கரை மேல பாதை இருக்கு. நானே நடந்து பாத்திருக்கேன்."

அப்புறம் பின் வரிசையில் கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு. ஆனால் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று அவள் அடுத்த வாக்கியத்தை எடுப்பதற்குள் எதிர் வக்கீல் துள்ளி எழுந்துவிட்டார். அந்த அம்மா சொல்வது சரிதான் என்று அவர் ஆரம்பித்தது மட்டும் கேட்டது. அதற்கு மேல் வினோலியாவுக்குக் காது அடைத்துப்போனது. அவர் வாய் அசைகிறது, நீதிபதி தலையாட்டுகிறார், எழுதிக்கொள்ளச் சொல்கிறார், அவள் ஐயா ஐயா என்கிறாள். மேல்முறையீடு தள்ளுபடி. சுவர்க் கடிகாரத்தின்படி எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம்.

ஒச்சம்மாள் வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். வினோலியா பூசி மெழுகவில்லை.

"தோத்துட்டோம்க்கா. என் வாயாலதான் தோத்தோம். வேற பாதை இருக்கான்னு கேட்டாக, இருக்குன்னு சொல்லிட்டேன்."

ஒச்சம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இருக்கறதத்தான சொன்னீக" என்றாள். "வாங்க, முதல்ல சாப்பிடுவோம். காலையில இருந்து உங்க பல்லுல பச்சத்தண்ணி படல." திட்டியிருந்தால்கூட வினோலியாவுக்குத் தாங்கியிருக்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போது தைக்கு இன்னும் எத்தனை நாள் என்பதைத்தான் இருவரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை பிரான்சிஸ் காபியோடு போனையும் நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். அன்றைக்கு வீடியோ வழியாகத் தன் வழக்குக்குக் காத்திருந்த எவனோ ஒருவன், எடுக்கக் கூடாது என்று தெரிந்தும் வினோலியாவின் வாதத்தைப் படம் பிடித்துவிட்டான். வக்கீல்கள் குரூப்பில் ஆரம்பித்து ஊரெல்லாம் அது சுற்றிக்கொண்டிருந்தது. மேலே ஒரு தலைப்பு வேறு: நுணலும் தன் வாயால் கெடும். கொஞ்ச நாளைக்குக் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிடு என்று பிரான்சிஸ் சொன்னார். ஒரு வாரம் கோர்ட்டுக்கும் போக வேண்டாம் என்றார்.

"நான் எதுக்கு வெளிய போகணும்? திருடுனேனா?" என்றாள் வினோலியா. படத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் இஸ்திரி போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு வழக்கமான வண்டியில் கோர்ட்டுக்குப் போனாள்.

வக்கீல் சங்க அறையில் அவள் நுழைந்ததும் பாட்டிலை உருட்டிக் காட்டினான் ஒருவன். இன்னொருவன், கரையில் நடந்து நடந்து அம்மாவுக்குக் கால் வலிக்கும், நாற்காலி போடுங்கள் என்றான். சீனியர் சார்லஸ் மட்டும் கேலி செய்யவில்லை. அவள் மேல் பிரியம் உள்ளவர். பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குத் தெரியாது, கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது நழுவியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டார். அது எதிராளிக்குத் தானாகப் போய் மாலை போட்ட மாதிரி ஆகிவிட்டதே என்றார்.

வினோலியா எல்லோருக்கும் கேட்கும்படியே பதில் சொன்னாள்.

"சட்டக் கேள்விய எழுதுன தாளைத் தொலைச்சேன். அது என் தப்பு, ஆயுசுக்கும் ஒத்துக்கிறேன். ஆனா பாதை இருக்குன்னு சொன்னது தப்பில்ல சார். நான் மிதிச்ச மண்ண இல்லைன்னு சொல்லச் சொல்றீகளா? நாளைக்குக் கேட்டாலும் இருக்குன்னுதான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு எழுந்து, தன் அடுத்த வழக்குக்குப் போனாள். ரோஷமாகப் பேசிவிட்டாளே தவிர, அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஒச்சம்மாளின் மல்லிகை வேலிக்குள்ளேயே பூத்து வேலிக்குள்ளேயே வாடப் போகிறது என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மொக்கைச்சாமிக்குப் பார்க்காமல் கெடுத்தாள், ஒச்சம்மாளுக்குப் பார்த்துக் கெடுத்தாள். அந்தப் பக்கம் மதியழகன் டீக்கடை முன்னால் சரவெடி கொளுத்தி, வந்தவன் போனவனுக்கெல்லாம் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கும் வேண்டுமென்றே அனுப்பி வைத்தார். மனுஷனுக்கு ஆட்டம் கூடிப்போனால் கண் தெரியாது என்பார்கள்.

ஐந்தாம் நாள் காலை, சந்தையிலிருந்து நேராகப் பஸ் ஏறி ஒச்சம்மாள் திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டாள். விரலிடுக்கில் இன்னும் பூவின் ஈரம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, போனை வினோலியாவின் மேஜை மேல் வைத்தாள்.

"இந்தப் படத்த முழுசாப் பாத்தீகளா வக்கீலம்மா?"

இல்லை என்று வினோலியா தலையாட்டினாள்.

"ஒருத்தரும் பாக்கல. நானே நடந்து பாத்திருக்கேன்னு நீங்க சொல்றீகள்ல, அந்த இடத்துல சிரிச்சிட்டு நிப்பாட்டிர்றாக. இன்னைக்குச் சந்தையில ஒரு பய என்னச் சீண்டணும்னே போட்டுட்டுப் போனை என் மடியில வச்சுட்டுப் போயிட்டான். எனக்கு ரெண்டு கையும் பூவுக்குள்ள கிடந்துச்சு, நிப்பாட்ட முடியல. கடைசி வரைக்கும் ஓடிருச்சு. செத்த நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கேளுங்க."

போட்டாள். வினோலியா தன் குரலைக் கேட்டுக் கூனிக் குறுகினாள். தண்ணீர்ப் பாட்டில் உருண்டது. சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால், அன்றைக்கு அவள் காதில் விழாத குரல் வந்தது. நீதிபதி தமிழில் பேசியதால் எதிர் வக்கீலும் தமிழிலேயே முழங்கியிருந்தார்.

"அந்த அம்மா சொல்றது சரிதான் மை லார்ட். வாய்க்கால் கரை சர்க்கார் புறம்போக்கு. பத்தடி அகலத்துக்குப் பாதை தொறந்து கிடக்கு. யார் வேணும்னாலும் போகலாம். எங்க கட்சிக்காரர் மறிக்கவே இல்ல."

வினோலியா மறுபடி போடச் சொன்னாள். மூன்று தடவை கேட்டாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, அதற்குள் வெளியாகியிருந்த தீர்ப்பைத் தேடி எடுத்தாள். அதையும் அவள் அதுவரை திறந்து பார்க்கவில்லை. சின்னத் தீர்ப்பு. நாலாவது பத்தியில் இருந்தது: கரையில் பத்தடிப் பொதுப்பாதை திறந்திருப்பதாக இரு தரப்பு வக்கீல்களும் சொல்வது பதிவு செய்யப்படுகிறது, ஆகவே மேல்முறையீடு தள்ளுபடி. கரை என் பட்டா என்று மூன்று வருஷமாகக் கத்திய மனுஷன், ஒரு நிமிஷத்தில் ஜெயிக்கிற ஆசையில், ஹைகோர்ட்டிலேயே அதைச் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சார்லஸ் படித்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். எதிர்த் தரப்பு சுதாரித்துக்கொண்டு, தவறாகப் பதிவாகிவிட்டது, திருத்துங்கள் என்று மனுப் போடலாம் என்றார்.

"போடட்டும் சார்" என்றாள் வினோலியா. "கரையில பாதை இல்லைன்னு அவுக சொன்னா, ஒச்சம்மாக்காவுக்கு வேற வழியே இல்லைன்னு ஆகுது. அப்ப தோப்புக்குள்ள வண்டிப்பாதை கேக்க நானும் மதுரைக்கு வாரேன். ரெண்டுல எதுன்னு அவரே சொல்லட்டும்."

சார்லஸ் சிரித்துவிட்டார். முத்திரை போட்ட நகல் கிடைத்த அன்றே வினோலியா மதியழகனுக்கு நோட்டீஸ் அனுப்பினாள். தாசில்தாருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நகல் போட்டாள். உங்கள் வக்கீல் ஹைகோர்ட்டில் சொன்ன பாதையில் வருகிற திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு என் கட்சிக்காரர் பூக்கூடையோடு வருவார், வழியில் வேலி இருந்தால் கோர்ட்டில் பொய் சொன்னது யார் என்று அங்கேயே வந்து கேட்போம் என்று எழுதியிருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

திங்கட்கிழமை ஊரே கரையில் நின்றது. ஹைகோர்ட்டு முத்திரையைப் பார்த்ததால் வி.ஏ.ஓ.வும் வந்திருந்தார், ஒரு போலீஸ்காரரும் வந்திருந்தார். படத்தைப் பார்த்துச் சிரித்த பையன்கள் எல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வினோலியா வாய்க்கால் முனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். ஒச்சம்மாள் தலையில் ஒரு கூடை, வினோலியா இடுப்பில் ஒரு கூடை. முள்கம்பிக்கு அந்தப் பக்கம் மதியழகன் தன் வக்கீலிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, சரிங்க சரிங்க என்று ஆனது. முகத்தில் ஈயாடவில்லை. போனை மடியில் செருகிவிட்டு, குறடை எடுத்து, கம்பியைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏதோ ரெண்டு பொம்பளைக கேக்குறீகளேன்னு விடுறேன். போங்க."

ஒச்சம்மாள் காலை எடுத்து வைக்கப் போனாள். வினோலியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க ஒண்ணும் விட வேணாம்ண்ணே. பத்தடின்னு உங்க வக்கீல் சொன்னாரு. மூணடிதான் தொறந்திருக்கீக. மிச்சத்தையும் எடுங்க, அக்கா பூ விரியறதுக்குள்ள போகணும்."

வி.ஏ.ஓ. டேப்பை நீட்டினார். மதியழகன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். கம்பி ஒவ்வொரு வேலிக்கல்லாக விட்டுக்கொண்டே வந்தது. பத்தடி ஆனதும் ஒச்சம்மாள் முன்னால் நடந்தாள். பின்னால் நடந்த வினோலியா, கரையோரம் போன்களோடு நின்றவர்களுக்கு நேரே வந்ததும் நின்று, இடுப்புக் கூடையை ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"நல்லா எடுங்கப்பு" என்றாள். "இதையும் குரூப்புல போடுங்க. ஆனா இந்தத் தடவையாச்சும் கடைசி வரைக்கும் பாருங்க."